‘மாவுதானே, என்ன செய்துவிடும்?’

சில நோய்களுக்குக் கிழமை தெரியும். பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சு சீராக இருக்கும். திங்கட்கிழமை வேலையில் நின்ற சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல ஆகும். செவ்வாய், புதன் என்று நாள் போகப் போக அது தளரும். ரொட்டி போடுகிறவருக்கு இது தலைகீழ். வாரத் தொடக்கத்தில் லேசான தும்மல், மூக்கில் நீர். வாரக் கடைசியில் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் இளைப்பு. விடுப்பில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்தால் ஒன்றுமே இல்லை. மருத்துவருக்கு இந்த இரண்டு வரிகள் கிடைத்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ஆனால் இருமிக்கொண்டு வருகிறவரிடம் “எந்தக் கிழமையில் கூடுது? என்ன வேலை செய்யுறீங்க?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இருமல் மருந்து, ஒரு நாள் எம்.சி., அடுத்த எண்ணுக்கு அழைப்பு என்று கிளினிக் நகர்ந்துவிடுகிறது.

ஜார்ஜ் டவுன் வாசகர்களுக்கு இது சொந்த விஷயம். 1786இல் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் இறங்கியதிலிருந்து இந்த ஊர் பிழைத்ததெல்லாம் தூசு பறக்கும் சரக்குகளில்தான். மிளகு, சாதிக்காய், கிராம்பு, ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி. அவற்றைக் கப்பலிலிருந்து தோளில் இறக்கிக் கிட்டங்கிகளில் அடுக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்றும் லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் நடந்தால் மல்லியும் மிளகாயும் மூக்கில் ஏறும். ட்ரான்ஸ்ஃபர் ரோட்டுப் பக்கம் தமிழ் முஸ்லிம்கள் போடும் ரொட்டி பெங்காளியின் மணம் வரும். சந்தைக்கு அருகே ஊதுபத்தி உருட்டுகிறவர்கள் கையால் சந்தனத் தூளைப் பிசைகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஆலைகள். அதற்கும் வடக்கே, முடா நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் கெடா வயல்கள், அவற்றை நம்பி நிற்கும் நெல் ஆலைகள்.

இந்தத் தூசு எல்லாம் செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் வருவது. மருத்துவர்கள் கரிமத் தூசு என்பார்கள். சிமெண்டுத் தூசு என்றால் யாரும் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் பெயரே பயமுறுத்தும். அரிசி, மாவு, மஞ்சள், சந்தனம் என்றால் அந்தப் பயம் வருவதில்லை. சோறு போடும் பொருள், சாமிக்கு வைக்கும் பொருள். அது எப்படி நெஞ்சைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு, பல சமயம் மருத்துவருக்கும் உண்டு. நான் இந்தக் கட்டுரையில் எதிர்த்து எழுதுவது அந்த நம்பிக்கையைத்தான். வாயில் போனால் உணவாகிற பொருள் மூச்சில் போனால் அப்படி இருப்பதில்லை.

மலேசியாவிலேயே இதற்குச் சான்று உண்டு, அதுவும் நாற்பது ஆண்டுப் பழமையானது. 1984இல் மலேசிய ஆய்வாளர்கள் நெல் ஆலைகளில் வேலை செய்த 122 ஆண்களைப் பரிசோதித்து, ஆலை வேலை செய்யாத 42 பேருடன் ஒப்பிட்டு, பிரிட்டனின் தொழில் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். உமித் தூசில் நின்றவர்களுக்குக் கண் எரிச்சல், தோல் அரிப்பு, ஓயாத மூக்கொழுகல், நெஞ்சிறுக்கம், ஆஸ்துமா ஆகியவை இருந்தன. ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் அணுக்கள் கூடியிருந்தன. சிலருடைய எக்ஸ்ரேயில் நிழல்கள் தெரிந்தன. அவை சிலிக்கா நோயின் தொடக்கமாக இருக்கலாம், அல்லது நுரையீரலின் ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இந்தத் தொகுப்புக்கு ‘நெல் ஆலைக்காரர் நோய்க்குறி’ என்று பெயரும் வைத்தார்கள். நெல்லில் சிலிக்கா எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும்; அந்தச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காதான். உமி குத்தினால் சொரசொரவென்று உறுத்துவது அதனால்தான்.

நம் மண்ணில் செய்து, நம் தொழிலாளிகளின் நெஞ்சைப் பார்த்து எழுதிய ஆய்வு இது. ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவருக்காவது இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது

வெயில் கீற்றில் மிதப்பது தெரிகிறதே, அந்தத் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தும்மலாக, சளியாக வெளியே வரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்கும் சிறிய துகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நான்கு மைக்ரான் அளவுக்கும் கீழே போனால் காற்றுப்பைகள் வரைக்கும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆழமாகப் போகிறது. “இன்னைக்குத் தூசு கம்மி” என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பயனற்றது.

அந்தத் துகளோடு கூட வருகிறவையும் உண்டு. தானியத்தின் மேலும் பஞ்சின் மேலும் வாழும் சில பாக்டீரியாக்களின் உறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. பாக்டீரியா செத்துப்போனாலும் உறையின் துண்டுகள் அதே வேலையைச் செய்யும். ஒரே நாளில் நிறையத் தூசைக் குடித்தவருக்கு, உதாரணமாகப் பூசணம் பிடித்த தானியக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கியவருக்கு, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகு வருவதால் யாரும் அதை வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஓரிரு நாளில் தானே போய்விடும். நம் ஊரில் மாலைக் காய்ச்சல் என்றால் முதலில் டிங்கிக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அது இல்லை என்று ஆன பிறகு வேலையைப் பற்றிய கேள்வி வராமல் போவதுதான் கோளாறு.

இன்னொரு வகை மெதுவானது, மோசமானது. 1932இல் இங்கிலாந்தில் கேம்பல் என்ற மருத்துவர் ஈரமான வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளிடம் விசித்திரமான நுரையீரல் நோயைக் கண்டு எழுதினார். அந்த வைக்கோல் சூடேறும்போது வளரும் நுண்ணுயிர்களுக்கு எதிராக உடம்பே நடத்தும் போர் அது என்று 1960களின் தொடக்கத்தில் பெப்பிஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். தூசிலிருந்து சீக்கிரம் விலகினால் ஆறும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும்; இறுகியது திரும்பி இளகாது. கரும்புச் சக்கையில் இதே நோய் 1941இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து பதிவானது. பினாங்கின் ஈரக்காற்றில் நெல்லோ மாட்டுத் தீவனமோ சரியாகக் காயாமல் மூட்டையில் கிடந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? சேமிக்கும் நெல்லில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியைச் சரக்குக் கெடாமல் இருப்பதற்காகவே ஆலைகள் கவனிக்கின்றன. மூட்டையை அவிழ்க்கிறவரின் நெஞ்சுக்கும் அதே 14 சதவீதம்தான் காவல்.

மாவும் மசாலாவும்

இந்தப் பொருளில் மிகப் பழைய சாட்சி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. 1700இல் அவர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். அதில் மாவு அரைப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள், தானியம் சலித்து அளப்பவர்கள், சணல் சிக்கெடுப்பவர்கள் ஆகியோரின் இருமலும் இளைப்பும் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த ஒரு கேள்விக்காக நாம் இன்னும் வாதாட வேண்டியிருக்கிறது.

கோதுமை மாவின் ஆஸ்துமா இன்று நன்றாகப் புரிந்த நோய். மாவிலுள்ள புரதமும், ரொட்டி உப்புவதற்காகச் சேர்க்கும் பூஞ்சை நொதியும் சிலருடைய உடம்பில் ஒவ்வாமையை விதைக்கின்றன. விதைக்க மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அதனால்தான் “பத்து வருஷமா இதே மாவுலதானே நிக்கிறேன், இப்பவா புதுசா வரும்?” என்று கேட்கிறார்கள். அப்படித்தான் வரும். ஒருமுறை ஒவ்வாமை குடியேறிவிட்டால் பிறகு சிட்டிகை மாவே போதும். பரோட்டாவும் ரொட்டி சானாயும் வீசுகிற மேசையில் கையால் அள்ளித் தூவும் மாவு, காலி மாவு மூட்டையைத் தட்டி மடிப்பது, இரவு மேசையைக் காற்றுக்குழாயால் ஊதித் துடைப்பது என்று இந்த மூன்று வேலைகளில்தான் தூசு உச்சத்துக்குப் போகிறது. மூன்றையும் மாற்ற இயந்திரம் வேண்டாம். தூவுவதற்குப் பதில் சல்லடைக் குப்பியால் தாழ்வாகச் சிந்தலாம், மூட்டையை உதறாமல் சுருட்டலாம், ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கலாம்.

மிளகாய் அரைக்கும் இடத்தில் இருமல் வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மிளகாயின் காரம் இருமல் நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. அது உடனே தெரியும், விலகினால் அடங்கும். மல்லி, வெந்தயம், பூண்டுத்தூள் போன்றவை சிலருக்கு உண்மையான ஒவ்வாமை ஆஸ்துமாவாகவே மாறியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இரண்டையும் ஒரே “நெடி” என்று தள்ளிவிடுவதால் இரண்டாவது மறைந்துபோகிறது.

மரத்தூசின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. இங்கிலாந்தில் ஹை விக்கம் வட்டார நாற்காலித் தச்சர்களிடம் அரிதான மூக்குப் புற்றுநோய் குவிந்து கிடப்பதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்தது. தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனுக்கே உரிய தூசு ஒன்றும் உண்டு. பழைய கடைவீடுகளின் மேல்மாடிகளை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, உழவாரக் குருவிகளைக் கூடு கட்ட வைத்த காலம் நினைவிருக்கும். 2008இல் யுனெஸ்கோ பட்டம் வந்த பிறகு, பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருந்த கூட்டுப் பண்ணைகளை 2013 முடிவதற்குள் அகற்ற மாநில அரசு கெடு வைத்தது. அப்போது பேச்சு முழுவதும் சுவர்கள் இற்றுப்போவதைப் பற்றியும் அண்டை வீட்டாரின் சுகாதாரத்தைப் பற்றியும் இருந்தது. அந்த இருட்டு அறைகளுக்குள் தினமும் போய் எச்சத்தைச் சுரண்டி எடுத்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? பறவையின் இறகுத் தூசும் காய்ந்த எச்சமும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சிக்குப் பெயர்போன காரணங்கள். புறா வளர்ப்பவர்களிடம் இந்த நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. பண்ணைகள் நகரத்தை விட்டு வெளியே போயிருக்கின்றன. கூட்டிலிருந்து இறகு பொறுக்கும் வேலையும் எச்சம் அள்ளும் வேலையும் அவற்றோடு போயிருக்கின்றன. செய்கிறவர்களுக்கு அபாயம் குறைந்துவிடவில்லை.

எண்ணப்படாமல் போகிறவர்கள்

பஞ்சுத் தூசைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முழுமையாகாது. கோயம்புத்தூரில் 1888இல் முதல் ஆலை வந்ததிலிருந்து தமிழர்களின் நெஞ்சில் அதிகம் இறங்கிய தூசு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘புளோ ரூம்’, ‘கார்டிங்’ என்று ஆலைக்காரர்கள் சொல்லும் பிரிவுகளில், பஞ்சு பொதியிலிருந்து பிரிந்து சீவப்படும் இடங்களில் தூசு அதிகம். திங்கட்கிழமை மட்டும் எப்போதாவது இறுக்கம், பிறகு ஒவ்வொரு திங்களும், பிறகு வாரத்தின் மற்ற நாள்களிலும், கடைசியில் நிரந்தரமான மூச்சுக்குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். இந்தியச் சட்டத்தில் இதற்கு இழப்பீடு உண்டு. அமெரிக்கா 1978இல் நூல் நூற்கும் ஆலைகளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் பஞ்சுத் தூசு என்று உச்சவரம்பு வைத்தது. ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1981இல் தோற்றார்கள். அந்நாட்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் கணக்குப்படி வரம்புக்கு முன் தொழிலாளிகளில் 20 சதவீதம் பேரிடம் இருந்த நோய், 2000 வாக்கில் 1 சதவீதமாக இறங்கியது. மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. காற்றை உறிஞ்சும் குழாய்களைப் பொருத்தினார்கள், அளந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு ஆலைகளில் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கி வேலை செய்த இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் அது பேசப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தோ முடியாமலோ ஊர் திரும்பிய பிறகு ஒரு பெண்ணுக்கு இளைப்பு நிலைத்துவிட்டால், அது எந்த ஆலையின் பதிவேட்டிலும் ஏறாது. முடியாதவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவதால், எந்த நாளில் போய்ப் பரிசோதித்தாலும் ஆலைக்குள் இருப்பவர்கள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். தொழில் மருத்துவத்தில் ஆய்வுகளையே ஏமாற்றும் தந்திரம் இது.

பினாங்கிலும் அதே நிலைதான், முகங்கள் வேறு. மூட்டை தூக்கும் வேலையும் மாவு மில் வேலையும் இன்று பெருமளவு நேப்பாளம், வங்காளதேசம், தமிழ்நாடு என்று வெளியிலிருந்து வந்தவர்களிடம் போய்விட்டது. அவர்கள் ஃபோமெமா மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். அங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது முக்கியமாகக் காசநோயைத் தேடி. காசநோய் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் இருமுகிறவர் இருமலை மறைக்கிறார். மறைத்து, மறைத்து, பெர்மிட் முடிந்ததும் நோயோடு விமானம் ஏறுகிறார். நம் புள்ளிவிவரம் சுத்தமாக இருக்கிறது. இது எனக்குக் கோபத்தைத் தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாம் சாப்பிடும் ரொட்டிக்காகக் கெட்ட நெஞ்சு இன்னொரு நாட்டின் கிராமத்தில் போய் இளைக்கிறது.

உலக அளவில் பெரியவர்களின் ஆஸ்துமாவில் சுமார் 16 சதவீதத்துக்கும், நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயில் சுமார் 14 சதவீதத்துக்கும் வேலையிடம் காரணம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சு மருத்துவச் சங்கங்கள் 2019இல் சேர்ந்து மதிப்பிட்டன. இரண்டாவதை நம் வீடுகளில் “சிகரெட்டால வந்தது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். புகை பிடித்தவருக்கும் தூசு சேர்ந்தே கெடுத்திருக்கலாம். புகையே தொடாத பெண்ணுக்கு வந்தால் “பரம்பரை” என்கிறோம்.

மலேசியச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2000இல் வந்த ஆபத்தான இரசாயன விதிமுறைகளின் வரம்புப் பட்டியலில் பருத்தித் தூசும் தானியத் தூசும் மரத்தூசும் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் சில விலக்குகள் நீங்கலாக நாட்டின் எல்லா வேலையிடங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறு கடைக்கும் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருந்தாக வேண்டும். உடனடி ஆபத்திலிருந்து விலகி நிற்கும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகம்மது இட்ரிஸ் தலைமையில் அரை நூற்றாண்டாக நமக்குக் கற்றுக்கொடுத்தது, சட்டம் இருப்பதைச் சாதாரண மனிதன் தெரிந்து கேட்க வேண்டும் என்பதைத்தான். சங்கம் தமிழிலும் பத்திரிகை நடத்தியது அந்த நோக்கத்துக்காகவே. மசாலா அரைக்கும் கடைக்காரருக்கும் ரொட்டிக் கடை முதலாளிக்கும் இந்தத் திருத்தத்தைத் தமிழில் உட்கார்ந்து விளக்க அமலாக்க அதிகாரிகள் முன்வர வேண்டும். அபராதம் அதற்குப் பிறகு.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டும், கோவிட் காலத்தில் பழகிய நீல மாஸ்க்கும் நுண்தூசைத் தடுக்காது. ஓரங்களில் காற்று புகுந்துவிடும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வகை தேவை, தாடி இருந்தால் அதுவும் சரியாக ஒட்டாது. ஆனால் முதலில் வர வேண்டியது கவசம் இல்லை. தூசு கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய், மூடிய சல்லடை, உலர்ந்த சரக்கு, துடைப்பத்துக்குப் பதில் வாக்குவம். இந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் என்95 மாட்டி மூட்டை தூக்கச் சொல்வது, முதலாளி தன் செலவைத் தொழிலாளியின் மூஞ்சியில் கட்டிவிடுவதுதான்.

இப்போதே இளைப்பு இருக்கிறவர் என்ன செய்வது? மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழாய் மருந்துக்கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்கு நான்கு முறையாவது ஊதி, எண்ணை நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். வேலை நாளும் விடுப்பு நாளும் சேர்ந்து வருமாறு மூன்று நான்கு வாரம். பக்கத்தில் அன்று என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: மூட்டை அவிழ்த்தது, சலித்தது, பெருக்கியது. அந்த நோட்டைக் கிளினிக்குக் கொண்டு போய், கேட்கப்படும் வரை காத்திராமல், “நான் மாவு மில்லில் வேலை செய்கிறேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொழில்சார் நோய் என்று தெரிந்தால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பது 2004ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவரின் கடமை. தொழில்சார் ஆஸ்துமாவும் பருத்தித் தூசு நோயும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழில் நோய்களாக இருக்கின்றன. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சொக்சோவுக்கு வேண்டியது இருமலுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் மருத்துவ அறிக்கை. நோட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்கள் ஏறியும் வேலை நாளில் இறங்கியும் இருந்தால், அந்தத் தொடர்பை மருத்துவர் அதிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.